மாளவிகா வேலைக்கு வராததற்கு விளக்கம்

மட்டாஞ்சேரி,
18 நவம்பர் 2003

பெருமதிப்பிற்குரிய ‘வர்த்தகச் சுடர்’ ஆசிரியர் திரு. வெங்கிடராமன் அவர்களுக்கு, தங்கள் கொச்சி நிருபர் மாளவிகாவின் கணவன் சுதீர் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், சென்னை அலுவலகத்தில் மெமோ அடிக்கும் இயந்திரமும் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மனைவி பெயருக்குத் தாங்கள் அனுப்பிய மூன்றாவது மெமோ கிடைத்தது. ஆகஸ்ட் இருபது முதல் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதது ஏன், மீண்டும் எப்போது சேர உத்தேசம், ‘நல்ல பணியிடங்கள்’ பட்டியலுக்கான குறிப்பேட்டை ஏன் ஒப்படைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பதில் எழுதும் நிலையில் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு, எர்ணாகுளம் போகும் போட்டுக்காகப் படகுத்துறையில் நின்றவள் தலை வலிக்கிறது என்றாள். போட் வந்தது. அவள் ஏறவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வெலிங்டன் தீவில் இறால் உறைய வைக்கும் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் இன்ஜினீயர். எங்கள் குழாய்கள் வெடிப்பதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும், முள் சிவப்புக்கு ஏறும், மணி அடிக்கும். இருபத்தொன்பது வயதுக்காரியின் தலைக்குள் அப்படி ஒரு மீட்டரை யாரும் பொருத்தவில்லை. ஆகவே முன்னறிவிப்பு தர இயலவில்லை. வருந்துகிறோம்.

அன்றைக்கே பிராட்வேயில் இருக்கும் உங்கள் கொச்சி ஆபீசுக்குப் போன் செய்தேன். மேனேஜர் நல்லசிவம் எடுத்தார். “அடடா, ரொம்ப சங்கடமா இருக்கு. எதுக்கும் எழுத்துல குடுத்துடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் விண்ணப்பதாரரே கையெழுத்திட வேண்டும் என்று முதல் மெமோ வந்தது. இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினேன். சான்றிதழில் மீண்டும் பணிக்குத் தகுதியடையும் நாள் குறிப்பிடப்படவில்லை என்று இரண்டாவது வந்தது. மாநகராட்சியில் போய்க் கேட்டேன். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாதாம்.

எழுத்துத் தமிழ்ல இதுக்கு மேல எனக்கு வண்டி ஓடாது சார். நான் படிச்சது மலையாளம். தமிழ் எழுதக் கத்துக்குடுத்ததே அவதான். இனிமே பேசறாப்பலயே எழுதறேன், பொறுத்துக்கோங்கோ.

தொண்ணூத்தாறுல உங்ககிட்ட சேர்ந்தா. முதல் ரெண்டு வருஷம் மிளகு வெலை, ஏலக்கா வெலை. அப்புறமாக்கும் நீங்க இந்தப் பட்டியலை அவ தலைல கட்டினேள். வருஷா வருஷம் கேரளத்துல வேலை பாக்க நல்ல எடம் பத்து எதுன்னு கண்டுபிடிக்கணும். மத்த பத்திரிகைக்காரா மேனேஜரைப் பாத்து, பிஸ்கட் தின்னு, அவா குடுத்த காகிதத்தை வாங்கிண்டு வருவா. இவ நேரா சாயா போடறவர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுண்டு உக்காந்துப்பா. “சேட்டா, இங்க கடைசியா ரொம்ப நாள் வராம இருந்தது யாரு? அவாளோட மேஜை எது, காட்டுங்கோ.” அவ்வளவுதான் பரீட்சை. வராதவா மேஜை மேல ஃபைலும் குடையும் குமிஞ்சிருந்தா மார்க் போச்சு. யாராவது தினமும் துடைச்சு வெச்சிருந்தா மார்க் ஏறும். கண்ணாடிக் கட்டடம், ஏசி, யோகா கிளாஸ், ஓணத்துக்குப் பூக்களம், ஒண்ணுக்கும் மார்க் கெடையாது. “எங்க கம்பெனில எறாலுக்கு மேஜையே இல்லையே, என்ன பண்ணுவே”ன்னு கேட்டேன். “அதான் உங்க கம்பெனி பட்டியல்லயே இல்லை”ன்னா.

இந்த வருஷம் அவ முதல் எடம் குடுத்தது, இங்க பஜார் ரோட்டுல ஒரு சுக்குக் கிடங்குக்கு. பதினொரு பொம்மனாட்டிகள் தரைல பலகை போட்டு உக்காந்து சுக்கு தரம் பிரிக்கறா. ஃபேன் கூட கெடையாது. அதுல காளியம்மைன்னு ஒருத்தி ஆபரேஷன் ஆகி நாலு மாசம் வரலை. மத்த பத்து பேரும் அவ பங்கையும் சேர்த்து முடிச்சிருக்கா. அவ பலகைல ஒருத்தரும் உக்காரலை, தினம் துடைச்சு வெச்சிருக்கா. மாளவிகா நூத்துக்குத் தொண்ணூத்தாறு போட்டா. நீங்க போன்ல, “சுக்குக் கிடங்கை மேல போட்டா விளம்பரக்காரன் சிரிப்பான்மா, கடைசிக்குக் கொண்டு போ”ன்னேள். “முதல் எடத்துல வரும், இல்லேன்னா பட்டியலே வராது”ன்னுட்டு வெச்சுட்டா. மறந்திருக்க மாட்டேள்.

அவ சாமானை எடுத்துண்டு வரப் போன மாசம் உங்க பிராட்வே ஆபீசுக்குப் போனேன். நல்ல பணியிடங்களைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கற ஆபீஸ் இல்லையா, கொஞ்சம் பக்தியோடதான் படி ஏறினேன். அவ மேஜை மேல ரெண்டாயிரத்து நாலாம் வருஷக் காலண்டர் கட்டுகள், ஒரு ஒடஞ்ச ஃபேன், நல்லசிவம் சாரோட ஹெல்மெட். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கா. அவ டிஃபன் டப்பால குண்டூசி. “எடம் இல்ல சார், தப்பா நெனைக்காதீங்க”ன்னார். நான் எதையும் நெனைக்கறதில்லை. மூணு மாசமா நெனைக்கற மெஷின் ஓடலை. ஆனா மாளவிகா கணக்குப்படி உங்களுக்கு மைனஸ் பதினெட்டு மார்க். எங்க ஃப்ரீசரோட டிகிரியாக்கும் அது. அங்க ரெண்டு வருஷம் கெடந்தாலும் ஒரு எறாலுக்கும் ஒண்ணும் தோணாது.

ஆகவே தங்கள் கேள்விகளுக்குப் பதில்: அவள் மீண்டும் சேர உத்தேசமில்லை. குறிப்பேடு என்னிடம் மிகப் பத்திரமாக இருக்கிறது. வராதவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்கள் கையில் அதைத் தருவதாக இல்லை.

தங்கள் பத்திரிகை நூறாண்டு நடக்கட்டும். தங்கள் மேஜை மேல் ஒருநாளும் யாரும் காலண்டர் அடுக்காதிருக்கட்டும். நல்லசிவம் அவர்களுக்கும் அவர் ஹெல்மெட்டுக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சுதீர்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போறச்சே காளியம்மை வந்தா. “சாரே, அக்கா எழுதுன லிஸ்ட்டு எப்ப வரும்? அவளுக பத்துப் பேரும் தெனம் கேக்காளுக”ன்னா. வராதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அவ என்னைப் பாக்கலை, ஜன்னல் பக்கம் பாத்தா. “அது அக்கா உக்காந்து எழுதுற மேசைல்லா?”ன்னா.

அப்போதான் நானும் பாத்தேன். என் டூல் பெட்டி, ரெண்டு கம்ப்ரஸர் வால்வு, இஸ்திரிப் பெட்டி, மடிக்காத துணி, மூணு மாசப் பேப்பர். இந்தக் கடுதாசியையே கட்டில்ல உக்காந்து, மடில அட்டை வெச்சுண்டுதான் எழுதியிருக்கேன். “எறக்கி வைக்கட்டா சாரே?”ன்னா. நான் பதில் சொல்றதுக்குள்ள டூல் பெட்டியைத் தூக்கிக் கீழ வெச்சா. ஆபரேஷன் ஆனவ. மத்ததை நானே எறக்கினேன். மிகப் பத்திரமா இருக்குன்னு மேலே எழுதியிருக்கேனே அந்தக் குறிப்பேடு, அது வால்வுக்கு அடியில கெடந்தது. அட்டைல கிரீஸ்.

அதனால மைனஸ் பதினெட்டை அடிச்சுடுங்கோ. அந்த மார்க் போட எனக்கு யோக்கியதை இல்லை. குறிப்பேடு இதோட வருது. சுக்குக் கிடங்கு முதல் பக்கத்துல, அவ கையெழுத்துல இருக்கு. பதினொரு பேர் காத்துண்டிருக்கா.

காளியம்மை முந்தானையால மேஜையைத் துடைச்சு, மாளவிகாவோட பேனாவை மட்டும் மேல வெச்சுட்டுப் போனா. நான் அதை நகத்தலை. தரைல உக்காந்துதான் இதை எழுதறேன்.