அரை நிமிடம்

மனிதன் காலத்தை வென்ற இடம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடை; ஆண்டு 2004. பாண்டியராஜன் இப்படித்தான் பேசுவான். பைத்தான் என்ற கணினி மொழியில் அவன் எழுதிக் கொடுத்த பில் புரோகிராமோ ஒவ்வொரு பில்லுக்கும் அரை நிமிடம் அசையாமல் நின்றது.

அந்த அரை நிமிடத்தை வைத்தவனே அவன்தான். அது நிற்கும் நேரத்தில், பில் போடும் ஷீபா திரையை விட்டுத் திரும்பி உட்காருவாள். பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருப்பவன், கேட்க நினைத்ததை அதற்குள் கேட்டுவிட வேண்டும். இரண்டு வருடமாக மழையைப் பற்றித்தான் கேட்டிருந்தான்.

முதலாளி வைகுண்டராஜ் ஒருநாள் பொறுமை இழந்தார். "ஏம்ப்பா, நீ வராத அன்னைக்குப் பில்லு பறக்குது. நீ வந்து உக்காந்தா மிசினு படுத்துக்கிருது. என்ன ராசி ஒனக்கு?"

கிண்டல் என்று எடுத்துக்கொண்டான். மெமரி போதாது என்றான். புது மெமரி வந்தது. அரை நிமிடம் போகவில்லை. அடுத்து விளக்கவுரை தொடங்கியது: இது வரிவரியாகப் படித்து நடக்கிற மொழி, மிசின் நேராகப் படிக்கிற பைட்கோடாக மாற்றிவிட்டால் அம்புதான். மாற்றினான். யாரும் திருடிவிடக் கூடாதென்று, தான் எழுதிய மூல வரிகளை எல்லோர் முன்னாலும் அழித்தான்.

புரோகிராம் திறப்பது மட்டும் சற்றுச் சுறுசுறுப்பானது. பைட்கோடு விசுவாசமானது, அரை நிமிடத்தையும் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டது. மூல வரிகள் இல்லாமல் அதை எடுக்க இனி அவனுக்கே வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து வேறு புரோகிராம் வருவதாகவும், இனி அவன் அலைய வேண்டாமென்றும் முதலாளி சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்தது ஒரு சனிக்கிழமை. கடைசி பில். திரை நின்றது. ஷீபா திரும்பினாள்.

"என்னமோ கேக்கணும்னு வந்தீகளே?"

தொண்டையைச் செருமிக்கொண்டான். "பைட்கோடுன்னா என்னன்னு தெரியுமா?"

"சொல்லுங்க," என்றாள்.

சொன்னான். பில் வந்துவிட்டது.

மே மாதம் ஷீபாவுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். அதற்கப்புறம் ஒருநாள், விட்டுப்போன சி.டி.களை எடுக்க அவன் கடைக்குப் போனான். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி தலை நிமிராமலே சொன்னாள்.

"எண்டரத் தட்டுனா நிக்காமப் போயிரும்னு ஷீபாக்காவுக்கு ஆரம்பத்துலயே தெரியும் சார். நீங்க வராத அன்னைக்குத் தட்டித் தட்டி முடிச்சிருவாக. நீங்க இருந்தா மட்டும் தட்ட மாட்டாக."

சோதித்துப் பார்க்கும்போது காத்திருக்க அலுத்துப்போய், அந்தக் குறுக்குவழியை வைத்தவன் பாண்டியராஜன்தான். வைத்ததை மறந்துவிட்டிருந்தான்.