சந்தனம் பூசிய ப்ரொபெல்லர்

ஆர்.பி.எம். சாரைப் பறக்கவிடாமல் செய்தவன் என் மைத்துனன் சேகர். செல்லூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறானே, அதே சேகர்தான். இதை எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. பரவாயில்லை, ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

மதுரையில் ஆர்.பி.எம். சாரைப் போல் ஒரு கிறுக்கர் முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அசல் பெயர் அவர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். சுற்றுகிற பொருள் எதுவானாலும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது ஆர்.பி.எம். எவ்வளவு என்று காதாலேயே சொல்லிவிடுவார். நாங்கள் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். என் மனைவி மிக்ஸி போட்டால் கீழேயிருந்து குரல் வரும்.

"தாயீ, தேங்காயைக் கொறச்சுப் போடு! மோட்டார் மூச்சு வாங்குது!"

ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டர் சத்தம் பிடிக்கவில்லை என்று எழுந்துபோய் அதைத் திருகினார். இருட்டில்தான் தாலி கட்டினார்கள்.

இந்த மனிதர் கொட்டாம்பட்டிப் பக்கம் நண்பரின் தரிசு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைச் செய்தார். எஞ்சின் முன்னால் இரண்டு ரெக்கை வைத்த ப்ரொபெல்லர். ரெக்கையின் சாய்வுக்குப் பிட்ச் என்று பெயர். தரையில் வைத்து ஸ்பேனரால் திருப்பினால்தான் அது மாறும், வானத்தில் மாற்ற முடியாது. புரோட்டாக் கடையில் ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"ஏன் சார், நல்லாச் சாய்ச்சு வச்சா காத்தை அம்புட்டையும் அள்ளுமே?"

"அந்தப் புரோட்டாவை முழுசா வாயில திணி."

திணித்தேன்.

"இப்ப வேகமா மெல்லு."

கண்ணில் தண்ணீர் வந்தது.

"எஞ்சினுக்கும் இப்படித்தான் முழி பிதுங்கும். தரையைவிட்டுக் கிளம்புறப்ப சின்னச் சின்ன வாயாக் கடிக்கணும், வேகமா மெல்லணும். அப்பத்தான் ஆர்.பி.எம். ஏறும், முழு பலமும் வரும். மேல போயிட்டா பெரிய வாயா, நிதானமா மெல்லலாம்."

"சாய்வே இல்லாம வச்சா?"

"வாயில ஒண்ணும் இருக்காது. விடிய விடிய மெல்லலாம்."

பல வாரம் சோதித்துக் கிளம்புவதற்கு ஏற்ற சாய்வைக் கண்டுபிடித்து, ரெக்கையின் அடியில் சிவப்புக் கோடு போட்டு வைத்தார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஒரே ஒரு காலைக்கு அனுமதி வாங்கினார். பார்வையிட ஓர் அதிகாரி வருவதாக ஏற்பாடு.

புது வண்டிக்குப் பூசை போடாமல் நம்மூரில் யார் கிளப்புகிறார்கள்? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ரெக்கையில் சந்தனம், குங்குமம். படம் எடுக்க வந்தவன் சேகர். ரெக்கை சாய்ந்திருப்பதால் பொட்டு கேமராவில் விழவில்லை. சார் கொட்டகைக்குள் அதிகாரிக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். இவன் அவருடைய ஸ்பேனரை எடுத்து, இரண்டு ரெக்கையையும் கேமராவைப் பார்க்கத் தட்டையாகத் திருப்பி, போல்ட்டை முறுக்கி, கோட்டின் மேல் சந்தனத்தை அப்பி, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படமும் எடுத்துக்கொண்டான்.

ஏறுவதற்கு முன் சார் கோட்டைப் பார்க்கக் குனிந்தார். சந்தனம். துடைக்கத் துண்டை எடுத்தார்.

"சார், சாமிக்கு வச்சதைத் துடைக்காதீக!" ஊரே கத்தியது. விட்டுவிட்டார்.

எஞ்சின் அலறியது. புழுதி கிளம்பியது. அவர் வாழ்நாளில் பார்க்காத ஆர்.பி.எம். மீட்டர் முள்ளில் ஏறியது. விமானம் ஓரடி நகரவில்லை. எலுமிச்சம்பழம் கூட நசுங்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மெல்லுது, வாயில ஒண்ணுமில்ல," என்றார்.

சந்தனத்தைத் துடைத்தார். கோட்டைப் பார்த்தார். சேகரின் பின் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பேனரையும் பார்த்தார்.

"யாரு செட் பண்ணது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். தப்பா வச்சுட்டேன்."

பிட்ச் வைக்கத் தெரியாதவர் என்று எழுதி அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். திரும்பும் வழியில் நான் கத்தினேன். "அந்தப் பயலை ஏன் சார் காட்டிக் குடுக்கல?"

"படம் நல்லா வரணும்னு ஆசைப்பட்டான்ப்பா. அவனுக்கு அவன் ஆசை."

"உங்க ஆசை?"

அன்றைக்குத்தான் முதல் முறையாக, எதிரே போன பஸ்ஸின் ஆர்.பி.எம்.மைச் சொல்லாமல் வந்தார்.

இப்போது தெருவில் அவரைப் பார்த்தால், "சார், பிளேன் வருது, குனிங்க!" என்கிறார்கள். அவரும் குனிந்து காட்டிச் சிரிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அனுமதி கொடுத்த ஆபீஸில் போய்க் கேட்டேன். ரெக்கையைத் திருப்பியவர் ஒப்புக்கொண்டால் இன்னொரு காலைக்கு அனுமதி தருவார்களாம். சேகரிடம் சொன்னேன்.

"காத்துல திரும்பிருக்கும் மாமா," என்கிறான்.

மாப்ள, உன் கடை வாசலில் நீயே அடித்து மாட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைப் பார். எஞ்சின் கிளம்புவதற்கு முன்னாலேயே ரெக்கை தட்டையாக, பொட்டு நேராக, பக்கத்தில் உன் பல். எந்தக் காற்றடா போல்ட்டைக் கழற்றியது? ஊருக்கு முன்னால் பதில் சொல். அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டு வேறொன்று அடி: "ரெக்கையைத் திருப்பியவன் நான்." கீழே உன் பெயர். மேலே சார் சிரிக்கிற படம். படம் உன்னிடம் இருக்காது. என் பர்ஸில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.