வில்லியனூரில் நிற்காத பட்டாளம்

மனிதனுடைய தொண்டைக்கு நேரம் பார்த்துக் கழுத்தறுக்கத் தெரியும். பங்காளியோடு வரப்புச் சண்டை போடும்போது அது கட்டிக்கொள்வதே இல்லை. பெண் கொடுக்கப் போகிறவர் கண்முன்னால்தான் கட்டிக்கொள்ளும். எனக்குக் கட்டிக்கொண்டது. அதனால் ஒரு பட்டாளமே வில்லியனூர் மாதா கோயிலைத் தாண்டிப் போய்விட்டது.

பிரெஞ்சுக்கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை நெட்டப்பாக்கம் பக்கத்தில் ‘சொல்தா’ என்போம். எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் பத்துப் பதினைந்து சொல்தாக்கள் இருந்தார்கள். எல்லோரும் இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர்கள். (நானும் சொல்தாதான். ஆனால் சைகோனில் என்னை அழவைத்த ஒரே எதிரி வெங்காயம்.)

இவர்களுக்கெல்லாம் பெரியவர் சந்தியாகு. பட்டாளத்தில் ‘சர்ழான்’, அதாவது சார்ஜண்ட் பதவி வரைக்கும் போனவர். அவருடைய மகள் பிலோமி. அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, பைத்தியம். தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நானே நேராகப் போய்க் கேட்டேன்.

“பட்டாளத்துல இன்னா வேல பாத்த?” என்றார் சர்ழான்.

“குசினிங்க.”

“துப்பாக்கி புடிச்சியா?”

“கரண்டிங்க.”

“என் பொண்ண கரண்டிக்குக் குடுக்க மாட்டேன். போ.”

போனேன். ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை. அந்தக் கோடையில் எனக்கு ஒரு வழி திறந்தது.

சண்டையில் உயிர் தப்பினால் உடுப்போடு நடந்தே வந்து வில்லியனூர் மாதாவுக்கு சல்யூட் வைக்கிறோம் என்று அந்த சொல்தாக்கள் அத்தனை பேரும் நேர்ந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் அறுவடை, கல்யாணம், மழை என்று நேர்ச்சை தள்ளிக்கொண்டே போனது. இதற்குள் உடுப்பு இறுகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. இந்த வருஷத் திருவிழாவுக்குப் போகாவிட்டால் அப்புறம் மோட்சத்தில்தான் மாதாவைப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். சர்ழானின் முழங்காலிலோ குண்டுத்துண்டு ஒன்று குடியிருந்தது. அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஊர் மாதா சுரூபத்தை ஏற்றிய மாட்டுவண்டியில்தான் வரவேண்டும். அப்படியென்றால் பட்டாளத்தை நடத்திப்போவது யார்?

“நான் நடத்தறேங்க” என்றேன்.

சர்ழான் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி. ஒழுங்கா கொண்டுபோயி மாதா வாசல்ல நிறுத்து. பொண்ணு விசயம் அப்பறம் பேசலாம்.”

விஷயம் சுலபம்தான். ‘மார்ஷ்’ என்றால் நடப்பார்கள், ‘ஆல்த்’ என்றால் நிற்பார்கள். ‘மார்ஷ்’ சொன்னவன் வாயால்தான் ‘ஆல்த்’தும் வரவேண்டும் என்பது அவர்கள் சட்டம். இரண்டே வார்த்தைக்காக ஒரு வாரம் கொல்லைமேட்டில் நின்று பயிற்சி எடுத்தேன். கொக்குகள் வேறு ஊருக்குக் குடிபோயின. அம்மா பச்சை முட்டையும் சுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் குரல் கரகரவென்று கனத்துவிட்டது. அதிகாரிக் குரல் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். (தொண்டை புண்ணாகியிருக்கிறது என்று தோன்றவே இல்லை.)

நடைப்பயணத்தன்று விடிந்ததும் அணிவகுத்தோம். தலையில் தொப்பி, மார்பில் மெடல், உடுப்புக்குப் பொத்தான் போடமுடியாத இடங்களில் ஊக்கு. கால் மட்டும் வெறுங்கால், ஏனென்றால் மாதாவிடம் செருப்பு போட்டுக்கொண்டு போவதில்லை. கடைசி வரிசையில் ‘தம்பூர்’ என்கிற பட்டாளத்து முரசை அடிக்கும் மிக்கேல். பீரங்கிச் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. அடிக்க ஆரம்பித்தால் யாராவது கையைப் பிடித்து நிறுத்தவேண்டும். அவருக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பெண்கள், அவர்களுக்கும் பின்னால் சர்ழானின் வண்டி.

“மார்ஷ்!” என்றேன். தென்னை மரத்தில் இருந்த காக்கை எல்லாம் எழும்பியது. சர்ழான் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பிலோமி காதில் விழவேண்டுமே என்று மன்றாட்டு மாலையையும் நானே முன்நின்று கத்த ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கம் நாலு வயல் புதுச்சேரி என்றால் அடுத்த நாலு வயல் மெட்ராஸ் ராஜ்யம். அப்படி ஒரு மெட்ராஸ் வயலில் நாற்றுக் கட்டோடு நின்ற அம்மாள் எங்கள் பிரெஞ்சு உடுப்பைப் பார்த்துக் கட்டைக் கீழே போட்டாள். “அடியே, போனவனுங்க திரும்ப வந்துட்டானுங்கடி!” என்று அலறினாள். முன்வரிசையில் நடந்த அந்தோணி அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை, நெஞ்சை நிமிர்த்தியதில் இரண்டு ஊக்கு தெறித்தது.

ஏம்பலம் தாண்டும்போது என் குரல் பாதியானது. மங்கலத்தில் கால்வாசி. வில்லியனூர்க் கோயில் கோபுரம் தெரிந்தபோது நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

கோயில் வாசலில் பங்குச் சாமியார் மாலையோடும் தூபத்தோடும் காத்திருந்தார். அம்பது அடி இருக்கும்போது “ஆல்த்” என்றேன். எலிக்குஞ்சு கீச்சிட்டதுகூட அதைவிட பலமாக இருக்கும். இருபது அடியில் மறுபடியும். ஒன்றும் இல்லை. தம்பூர் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. சாமியார் சிரித்த முகத்தோடு தீர்த்தம் தெளித்தார். நாங்கள் அதை வாங்கிக்கொண்டு அப்படியே கடந்து போனோம். சுற்றி வருகிறார்களாக்கும் என்று அவர் நினைத்தாராம்.

வேறு வழியில்லாமல் சட்டென்று நின்றேன், திரும்பி இரண்டு கையையும் ஆட்டினேன்.

“தம்பி மயங்கறான்! வெறும் வயித்துல வந்துருக்கான், தூக்குடா!” என்றார் அந்தோணி அண்ணன். இரண்டு பேர் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். என் கால் தரையில் படவே இல்லை. நான் தொண்டையைக் காட்டினேன். “தண்ணி கேக்கறான், ஆல்த் சொன்னப்பறம் குடுக்கலாம்” என்றார்.

பின்னால் வண்டியில் நடந்ததைப் பிற்பாடு பிலோமிதான் எனக்குச் சொன்னாள்.

“நைனா, கோயிலு போயிட்ச்சி! நீ சொல்லேன்!” என்று இவள் பதறியிருக்கிறாள்.

“ஆர்டர் போடற கமாந்து அவன் கைல குடுத்தாச்சு. நடுவுல புடுங்கினா அந்தப் புள்ள மானம் இன்னாவறது?” என்று சர்ழான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கரண்டிக்காரன் என்று என்னை விரட்டிய மனுஷன், என் மானத்துக்காக நேர்ச்சையையே பணயம் வைத்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கிவிடும்.

ஆனால் அப்போது அழ நேரமில்லை. எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. தூரத்தில் புகை தெரிந்தது.

“யோவ், ரயிலு வருதுய்யா! நில்லுங்கய்யா!” என்று கேட்காரர் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி இரண்டையும் சேர்த்து ஆட்டினார்.

“ஆர்டர் வர்லியே!” என்று பதில் சொன்னார் அந்தோணி அண்ணன், நடந்துகொண்டே. கேட்டுக்கு அடியில் குனிந்து போவதற்காகத் தொப்பியைக் கழற்றிக் கையிலும் எடுத்துக்கொண்டார். நான் கக்கத்தில் தொங்கியபடி மாதாவைக் கூப்பிட்டேன், அதற்கும் குரல் வரவில்லை.

அப்போதுதான் அது கேட்டது.

“ஆல்ல்ல்த்!”

அச்சு அசல் சர்ழானின் அதட்டல். சட்டத்தை மறந்து பட்டாளம் கல்லாக நின்றது. காது கேட்காத மிக்கேல் முன்னால் நின்றவர் முதுகில் மோதி நின்றார், தம்பூர் ஓய்ந்தது. கேட்காரரும் அட்டென்ஷனில் நின்றார். ரயில் எங்கள் மூக்குக்கு முன்னால் கடகடவென்று போயிற்று. திரும்பிப் பார்த்தால், சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்த வேகத்தில் மூச்சு வாங்க பிலோமி நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னா பாக்கறீங்க? டெமி தூர்!” என்று அடுத்த கட்டளை போட்டாள். பிறந்ததிலிருந்து அப்பா கொல்லையில் கோழிகளுக்குப் போட்ட கட்டளை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மொத்தப் பட்டாளமும் பின்பக்கம் திரும்பியது. என்னைத் தூக்கியிருந்த இருவரும் என்னோடு சேர்ந்தே திரும்பினார்கள்.

அவள் நடத்திப்போய் மாதா வாசலில் நிறுத்தினாள். சல்யூட் வைத்தபோது அந்த முரட்டு ஆட்கள் எல்லோரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி தேம்பினார்கள். மூச்சிரைக்க ஓடி வந்த சாமியாரும் அழுதார், எதற்கென்று தெரியாது.

நான் கோயில் குளத்தங்கரையில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டேன். நிறுத்து என்று சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை. இனி எந்த முகத்தோடு பெண் கேட்பது? கொஞ்ச நேரத்தில் சர்ழான் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சோறு நல்லா வடிப்பியா?”

தலையாட்டினேன்.

“கொயம்பு?”

அதற்கும் ஆட்டினேன்.

“இவளுக்கு இன்னொரு சர்ழான் எதுக்குடா? சமையக்காரன்தான் வேணும்” என்றார்.

பேச்சு முடிந்தது. அடுத்த தை மாதம் கல்யாணம்.

அந்த சொல்தாக்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வருஷா வருஷம் வில்லியனூருக்கு நடக்கிறார்கள். கோயில் வாசல் வந்தால் யாரும் தானாக நிற்பதில்லை. எல்லோரும் திரும்பிப் பிலோமியைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் கால் மாற்றுகிறார்கள், ரயிலடிக்குப் போகட்டுமா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவள் சொன்ன பிறகுதான் சுரூபத்தை இறக்குகிறார்கள். நான் சுண்டல் அண்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வண்டியில் வருகிறேன்.