டீசல் தின்ற பாசி

குற்றாலத்தில் சாரல் வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்து நடுங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாசி பாய். ஊர் கடையநல்லூர். வளைகுடாவில் எண்ணெய் கொட்டிய மண்ணைப் பாசியை வைத்துச் சுத்தம் பண்ணும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சொந்தப் பெயர் ஏதோ உண்டு. அவர் வீட்டிலேயே அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஐந்தருவி ரோட்டில் எனக்குச் சாப்பாட்டுக் கடை. பின்னால் கிணறு. அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றைத் தின்றவன் வேறு கடைக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. போன பங்குனியில் ஒரு சுற்றுலா வேன்காரன் வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்து, எங்கள் புறவாசல் ஆட்டுரலில் ஏற்றி, டீசல் டேங்கைக் கிழித்துக்கொண்டான். அவ்வளவும் கிணற்றை ஒட்டிய மேட்டு மண்ணில் இறங்கிவிட்டது. "மழை பெஞ்சா அம்புட்டும் கிணத்துக்குள்ள போயிரும்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவிப் போனார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கேள்விப்பட்டு பாசி பாய் வந்தார். மண்ணை ஒரு கை அள்ளி, பிரியாணியை மோப்பதுபோல் மோந்தார்.

"ஆச்சி, டீசலைத் தின்னுத கிருமி இருக்கு. கொண்டாரேன்."

"கிருமியா? சாப்பாட்டுக் கடையிலயா? வெளங்குன மாதிரிதான்!"

"நல்ல கிருமி ஆச்சி. பாசி மூச்சு விடும், அதுல கிருமி பொழைக்கும், கிருமி டீசலைத் தின்னும். சாரலுக்கு முன்ன முடிஞ்சிரும்."

"முடியலன்னா?"

வானத்தைப் பார்த்தார். மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.

மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினார். சாணிக் கரைசல் ஊற்றினார். கிருமி கலந்த பச்சைப் பாசித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து விட்டார். நான் தட்டுக் கழுவுகிறவளைச் சத்தமாக வைதால், பாத்தியைக் காட்டி, "மெல்ல ஆச்சி, உள்ள சாப்பிடுதாவ" என்பார். தினமும் கிளறி மோந்து, "இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டிருக்காவ" என்பார், ஏதோ அவர் கடையில்தான் கூட்டம் அள்ளுகிறது என்பதுபோல.

சீசனுக்கு முன்னால் ஊரெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவது வழக்கம். தூவுகிறவர் எங்கள் புறவாசலுக்கும் வாளியோடு வந்துவிட்டார். "பவுடர் பட்டா எல்லாரும் செத்துருவாவ!" என்று அலறிய பாய், குடையை விரித்துக்கொண்டு பாத்தியின் மேல் குப்புறப் படுத்துவிட்டார். "போடணும்னா என் மேல போடும்!"

"ஆச்சி, இவரு எதுக்குப் படுத்திருக்காரு?"

"கிருமியைக் காப்பாத்துதாரு."

வாளிக்காரர் நடையைக் கட்டிய வேகத்தில், பக்கத்துக் கடைகளுக்கும் அந்த வருடம் பவுடர் கிடைக்கவில்லை.

வைகாசி முடியும்போது மலையில் மேகம் இறங்கியது. ஊரே சிரித்தது. நான் ஓடிப்போய்ப் பாத்தியை மோந்தேன். மண்ணில் வாடை இன்னும் லேசாக இருந்தது. மலையைப் பார்த்துக் கையேந்தி நின்ற பாயிடம் பக்கத்து பஜ்ஜிக்கடை அண்ணாச்சி ஆசையாகக் கேட்டார்: "என்ன பாய், சாரலுக்கு துஆவா?"

"ஆமா அண்ணாச்சி. வரக்கூடாதுன்னு."

"வே, எங்க வயித்துல அடிக்குதீரே!" ஜல்லிக்கரண்டியோடு அண்ணாச்சி துரத்த, "ஒரு வாரம்தான் அண்ணாச்சி, ஒரே வாரம்!" என்று பாய் கிணற்றைச் சுற்றி ஓடினார். கோவிலில் நானும் அதே வேண்டுதலைத்தான் வைத்திருந்தேன். கரண்டியைப் பார்த்தபின் அதை வெளியே சொல்லவில்லை.

ஒரு வாரம் பொறுத்தது சாரல். பிறகு கொட்டியது. வெயில் இல்லாவிட்டால் பாசி செத்துவிடும் என்று அதுவரை பாத்தி மேல் தார்ப்பாய் போடவிடாதவர், அன்று தானே ஓடிவந்து விரித்தார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் பஜ்ஜிக் கடை மேல் போட்டது.

மழை விட்டதும் கிணற்றில் வாளியை இறக்கினேன். எண்ணெய்ப் படலம் தெரியவில்லை. வாடையும் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்குத் தென்காசிக்குக் கொடுத்து அனுப்பினோம். அதற்குள் பாய் ஒரு செம்பு மொண்டு மடமடவென்று குடித்துவிட்டார்.

"துப்பும் பாய், துப்பும்!"

"தண்ணி நல்லாத்தான் ஆச்சி இருக்கு. என் ஆளுகளை நான் நம்பாம யாரு நம்புவா?"

தண்ணீர் சுத்தம் என்று தென்காசியிலிருந்து முடிவு வந்தது. அது வரும்வரை நான் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் கடையநல்லூருக்குப் போன் போட்டு, "பாய், வயிறு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.