சோன்கா வீட்டு ஆமைப் புதையல்

அந்த ஜூன் மாதம் தோல்னி வீர் கிராமத்தில் யாரும் களை எடுக்கவில்லை. தக்காளிச் செடிக்குக் குச்சி கட்ட ஆளில்லை. ஆடுகள் பட்டியிலேயே நின்று கத்தின. ஊரே திரண்டு போய் சோன்கா வீட்டு வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எதற்காக? ஆமை முட்டை போட்ட இடத்தைத் தரிசிக்க. சிரிக்காதீர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் மண்ணைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஆமைகள் ஒன்றும் புதிதாக வரவில்லை. ஒவ்வொரு கோடையிலும் டுன்ஜா ஆற்றிலிருந்து ஏறி வரும். சோன்கா வீட்டுக் கொல்லையில் வெயில் நன்றாக விழும் மண்மேட்டில் பின்னங்காலால் குழி பறிக்கும். முட்டையிட்டு மூடிவிட்டுத் தன் பாட்டுக்குத் திரும்பிப் போகும். நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடக் கூடாதே என்று, சோன்கா பழைய கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் கூடையாக வளைத்து ஒவ்வொரு குழியின் மேலும் கவிழ்த்து வைப்பாள். இத்தனை வருடமும் அதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் மாஸ்டர் பன்டெலெய் பார்த்துவிட்டார்.

பன்டெலெய் முன்பு டவுனில் மெத்தை விற்றவர். மெத்தை விற்காமல் போனதும் ஞானம் வந்துவிட்டது. கையில் ஒரு வளைந்த செம்புக் கம்பி. தங்கம் இருக்கும் இடத்தில் அது தானாகக் குனியுமாம். எங்கள் பக்கத்தில் இப்படி ஓர் ஆள் பிழைக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து ராக்கியா குடித்தால், மூன்றாவது கிளாஸில் புதையல் பேச்சு வந்தே தீரும். அந்தக் காலத்தில் ஆண்ட பாஷா விட்டுவிட்டு ஓடிய தங்கம், கொள்ளைக்காரன் ஒளித்த தங்கம். பாறையில் ஆமை செதுக்கியிருந்தால், அதன் தலை நீட்டியிருக்கும் திசையில் புதையல் என்று ஆளாளுக்குக் கேட்டு வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் வந்து பன்டெலெய் கேட்டார்:

"கல்லு ஆமையே தங்கத்தைக் காட்டும்னா, உசுருள்ள ஆமை காட்டாதா?"

அவ்வளவுதான், ஊர் விழுந்துவிட்டது. தங்கத்தின் சூட்டில்தான் முட்டை பொரிகிறது என்றார். அப்படியானால் கோழி எந்தத் தங்கத்தின்மேல் உட்காருகிறது என்று கேட்க ஒரு நாக்கும் எழவில்லை.

கொல்லையில் மூன்று கூடைகள். மூன்றின் அருகிலும் கம்பி குனிந்தது. மூன்றையும் கோடாக இழுத்துப் பார்த்தால், கோடு நேராகப் போய் சோன்கா வீட்டின் கிழக்கு மூலையில் முட்டியது. அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு ஜாடி நிறையத் தங்கமாம். ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையை இடிப்பது என்று முடிவாயிற்று. சோன்காவின் புருஷன் மின்கோ ஊர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டான்.

பங்கு சேரவும் ஒரு வழி வைத்திருந்தார் பன்டெலெய். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் ஒருவன் நிழலை நூலால் அளந்து சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்களாம், அந்த நிழல் அங்கேயே காவல் நிற்குமாம். புதையலுக்கும் அப்படி ஒரு காவல் நிழல் உண்டு, யாருடைய நூலைக் குழியில் போடுகிறோமோ அவர்களுக்குத்தான் அது தங்கத்தை விடும் என்றார். ஒரு பன்றித் தொடையோ, ஒரு பானை பாலாடைக்கட்டியோ கொண்டுவந்தால் உங்கள் நிழலைச் சிவப்பு நூலால் அளந்து பையில் போட்டுக்கொள்வார். வானம் மூடியிருந்த நாளில் வந்தவர்களுக்கு நிழலே விழவில்லை. அவர்களை உத்தேசமாக அளந்தார். பக்கத்து வீட்டு மேயர் ஷெல்யாஸ்கோதான் முதல் ஆளாக வந்து நிழலை நீட்டினார். புதையல் என்றால் மியூசியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

சோன்கா மின்கோவைப் பிடித்துக்கொண்டாள்.

"மூலையை இடிச்சா வீடு நிக்குமாய்யா?"

"முட்டு குடுத்துக்கலாம் சோன்கா. தங்கம் வந்தா வேற வீடே கட்டிக்கலாம்."

"இந்தச் சுவத்துக்கு மண்ணு மிதிச்சது யாரு? வயித்துல புள்ளையோட நான் மிதிச்சேன். நீ பக்கத்துல நின்னு வைக்கோல் தூவுன, அதுவும் பாதித் தூக்கத்துல."

"மாஸ்டர் சொல்றாரே..."

"மாஸ்டர் மெத்தை வித்தப்பவே அதுல பஞ்சு இல்ல. நானே வாங்கி ஏமாந்திருக்கேன்."

மின்கோ கெட்டவன் இல்லை. கூட்டுறவுப் பண்ணை மூடியதிலிருந்து வேலையில்லாமல் குன்றிப் போயிருந்தவன். ஊர் அவனை மறுபடி மதித்துப் பேசியது இந்த ஆமைகளால்தான். அது சோன்காவுக்கும் தெரியும். அதனாலேயே அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

அவள் கண்ணில் ஒரு விஷயம் பட்டிருந்தது. நாலாவதாக ஓர் ஆமை பிளம் மரத்தடியில் முட்டையிட்டிருந்தது. கம்பிவலை தீர்ந்துவிட்டதால் அதற்குக் கூடை வைக்கவில்லை. பன்டெலெய் அந்த இடத்தை மிதித்துக்கொண்டே போனார், வந்தார். கம்பி அசையவே இல்லை. அதாவது கம்பிக்குத் தங்கம் தெரியவில்லை, கூடைதான் தெரிந்தது. இதைப் புருஷனிடம் சொன்னாள்.

"அது சின்ன ஆமையா இருக்கும். அதுக்கு அனுபவம் பத்தாது" என்றான் மின்கோ.

இனி தானே ஒரு வழி பார்ப்பது என்று சோன்கா முடிவு செய்தாள்.

ஞாயிறு காலையில் மின்கோ முகம் மழிக்க நாவிதர் கடைக்குப் போனான். தங்கத்தைத் தாடியோடு பார்க்கக் கூடாதாம். அவன் தலை மறைந்ததும் சோன்கா மூன்று கூடைகளையும் எடுத்தாள். குழி இருந்த இடங்களில் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கூழாங்கல் வைத்தாள். கூடைகளில் ஒன்றைச் சாம்பல் மேட்டில் கவிழ்த்தாள், ஒன்றைக் கோழி கிளறும் இடத்தில். மூன்றாவதை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தாள், பிறகு பலமாகச் சிரித்துக்கொண்டாள். அதை வைத்த இடம், வீட்டுக்குள் கழிப்பறை கட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய கக்கூஸ் குழி. மேலே பலகை போட்டு மண் தள்ளியிருந்தார்கள். மாட்டுக் கொட்டில் கழுவுகிற தண்ணீர் இன்றைக்கும் அதற்குள்தான் போகிறது.

கூட்டம் கூடியது. சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம்தான் எங்கும். பன்டெலெய் நூல் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொல்லைக்குள் வந்தார்.

"இனிமே ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. தோண்டும்போது யாராவது பேசினா தங்கம் கரியாயிடும்."

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விதிதான் அது. வாயை மூடச் சொல்லும் விதி எப்போதுமே வசதியானது. யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பி சாம்பல் மேட்டுக் கூடையருகே குனிந்தது. கோழி இடத்திலும் குனிந்தது. கிழவர் கான்சோவால் அடக்க முடியவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"போன வாரம் அந்தப் பக்கம்ல குனிஞ்சது?"

"காவல் நிழல் தங்கத்தை நகத்தியிருக்கு. ஆமைங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார் பன்டெலெய், இமைகூடத் தட்டாமல்.

கூட்டம் மெய்சிலிர்த்தது.

மூன்றாவது கூடை. கம்பி தரையைத் தொடும்படி குனிந்தது. இந்தத் தடவை கோடு எங்கே போகிறது என்று மேயர் கண்ணாலேயே அளந்தார். கோடு அவருடைய புதுச் சமையலறையில் போய் நின்றது. மேயர் குறுக்கே வந்து நின்றார்.

"நிறுத்துங்க. இதெல்லாம் மூடநம்பிக்கை. சட்டப்படி குத்தம். மியூசியத்துக்குச் சொல்லாம ஒரு பிடி மண்ணு எடுக்கக் கூடாது" என்றார்.

சோன்கா வீட்டுச் சுவரை இடிக்க முடிவானபோது சட்டம் எங்கே மேய்ந்துகொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேசக் கூடாதே.

"முதல்ல இங்க ஒரு முழம் தோண்டி நூலைப் போடணும். அப்புறம்தான் ஜாடி" என்று பன்டெலெய் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் மின்கோ அந்த இடத்தைக் கவனித்தான். குழி வெட்டியதே அவன்தானே.

"மாஸ்டர், அங்க வேணாம்..."

"ஸ்ஸ்."

"இல்ல, அது நான் தோண்டுன..."

"மின்கோ, இன்னொரு வார்த்தை பேசினா தங்கம் கரி. பழி உன் தலையில."

கூட்டம் மின்கோவை முறைத்தது. கான்சோ கிழவர் தம் கையாலேயே அவன் வாயைப் பொத்தினார். மின்கோ சோன்காவைப் பார்த்தான். சோன்கா மரியாதையாக உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

பன்டெலெய் கூடையை எடுத்து ஒதுக்கிவிட்டு, காலை அகட்டி நின்று, ஓங்கி ஒரு வெட்டுப் போட்டார். பலகை முறிந்தது. மண்வெட்டியும் நூல் பையும் அவருமாக இடுப்புவரை உள்ளே போனார்கள். பேசக் கூடாது என்று சொன்னவர்தான் முதலில் கத்தினார். பிறகு வாடை வந்தது.

"ஜாடி கிடைச்சிடுச்சா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். அவனுக்கு மூக்கடைப்பு.

சோன்கா முன்னால் வந்தாள்.

"அது எங்க பழைய கக்கூசு. கூடையைக் காலையில மாத்தி வச்சது நான். அசல் முட்டை இந்தக் கொல்லையிலதான் இருக்கு. மேல வாங்க மாஸ்டரே. கூடை இல்லாம உங்க கம்பி ஒரு முட்டையைக் காட்டட்டும், போதும். காட்டிட்டா என் வீட்டு மூலையை நானே இடிக்கிறேன், கடப்பாரை அதோ இருக்கு."

மின்கோ தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டையே பந்தயம் வைத்துவிட்டாளே. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு மாஸ்டரைத் தூக்கிவிட்டது. அவர் சொட்டச் சொட்டக் கொல்லையைச் சுற்றினார். பிளம் மரத்தடியைத் தாண்டினார். ஒவ்வொரு கூழாங்கல்லையும் தாண்டினார். கடைசியில் கோழித் தண்ணீர்த் தொட்டியருகே கம்பி மெல்லக் குனிந்தது. அவருக்கும் வேறு வழி இல்லை.

சோன்கா அங்கே தோண்டினாள். மண்புழு. பிறகு பிளம் மரத்தடிக்குப் போய் விரலால் மண்ணை வழித்தாள். வெள்ளை வெளேரென்று முட்டைகள். எல்லாரும் பார்த்ததும் பூப்போல மூடிவிட்டாள்.

"அதுக்குக் கீழ?" என்றார் கான்சோ, ஆசை விடாமல்.

"கீழ மண்ணு. அதுக்கும் கீழ மண்ணு."

"கக்கூசைக் கனவுல கண்டா பணம் வரும்னு எங்கப்பா சொல்வாரு..."

"நீங்க நேர்லயே பாத்துட்டீங்க, மாமா. போய் உங்க பன்றித் தொடையை வாங்குங்க."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் கூட்டம் காத்திருந்ததுபோல் பன்டெலெயின் காரை நோக்கி ஓடியது. டிக்கியைத் திறந்து, எது யார் தொடை என்று ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளினார்கள். நிழல் நூல்களைத் தேடி ஒருவரும் குழிப் பக்கம் போகவில்லை. மாஸ்டர் ஆற்றுப் பக்கமாக நடந்தார். மேயர், தாம் ஆரம்பத்திலேயே சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்கோ கடப்பாரையை எடுத்துப் போய்க் கொட்டிலில் வைத்தான். திரும்பி வந்து கூடைகளைத் தூக்கினான்.

"எங்கெங்கே வைக்கணும்னு காட்டு" என்றான் தலை நிமிராமல். சோன்காவுக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டாள்.

கான்சோ தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் பலர்.

"தங்கமே இல்லன்னா, இந்த ஆமைங்க எதுக்கும்மா உன் வீட்டுக்கு வருது?"

"முட்டை போட. இங்க வெயில் படுது, மண்ணு பொலபொலன்னு இருக்கு, அவ்ளோதான். அந்தச் சீவன் ஓரடி நகரணும்னாக்கூடத் தலையை வெளிய நீட்டி நாலா பக்கமும் பாத்துட்டுத்தான் நகருது மாமா. இத்தனை நாளா உங்க தலையையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

இந்த முறை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. இருந்தும் ஒருவரும் பேசவில்லை.