கால் அணாவில் ஒரு வெள்ளை வளையம்

"பிப்ரவரி 10, செவ்வாய். ஒரு சிறு தவறு. நேற்று வகுப்பில் காசை வாங்கும்போது இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம்தான் பார்த்தேன். அதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இன்று காலை மறுபக்கத்தில் ஒரு வெள்ளை வளையம் இருக்கிறது. அது நேற்றே இருந்ததா என்று தெரியவில்லை."

பாலு டைரியை மூடினான்.

தில்லை நகரில் நடக்கும் பழங்காசு மாலை வகுப்பில் பீமராவ் சார், தன் அப்பா சேர்த்த செப்புக் கால் அணாக்களில் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். "இது மேல உள்ள தடங்களை வெச்சு, எங்கெங்க போய் வந்த காசுன்னு எழுதிட்டு வாங்க." நன்றாக எழுதும் ஒருவரைத் தனியார் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வேலைக்குச் சொல்வதாகவும் சொல்லியிருந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடையில் பில் போடும் பாலுவுக்கு அந்த வேலை வேண்டும். காசைக் கெடுத்துவிட்டுப் போய் நின்றால் அது கிடைக்காது.

திங்கள் இரவு சாப்பிடும்போது காசை அடுப்படி ஜன்னலில் வைத்தவன், காலையில் எடுத்தபோதுதான் வளையத்தைப் பார்த்தான். ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டில் அவனைத் தவிர இருப்பவர்கள் இரண்டே பேர்: யமுனா அக்கா, அவள் கணவர் ஜெய்சங்கர் மாமா. மாமா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஈயம் பற்ற வைக்கும் கருவி ஒன்றை வீட்டிலும் வைத்திருந்தார். வளையம் அதன் சூடு பட்ட தடமோ என்று பாலுவுக்குத் தோன்றியது.

சந்தேகத்துக்கு உரியவரிடம் காசைக் காட்டக் கூடாது என்று பாலு முடிவு செய்தான். அதைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு மறைத்துவிட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டான்.

"மாமா, நேத்து ராத்திரி ஏதாவது பத்த வெச்சீங்களா?"

"கொசுவத்தி. ஏன்?"

"ஜன்னல்ல என் காசு இருந்துச்சு. யாராச்சும் தொட்டீங்களா?"

"உன்கிட்ட காசு இருந்தா முதல்ல அந்தச் செருப்பை மாத்துடா" என்றாள் அக்கா.

"தொட்டா என்ன ஆகும்?" என்றார் மாமா.

தொடாதவர் எதற்கு அதைக் கேட்க வேண்டும்? பாலுவின் சந்தேகம் இரண்டு மடங்கானது.

அன்று மாலை வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்தான். பாதி வளையம் போனது. போன பாதியில் காசு புதுக் குடம் மாதிரி மின்னியது. மினுமினுப்பை மங்க வைக்க ரோஜாத் தொட்டி மண்ணில் புதைத்தான். மாமா ரோஜாவுக்கு உரம் போட்டிருந்தார். வியாழக்கிழமை எடுத்தபோது காசின் ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது.

மதியம் கடைக்குப் பக்கத்தில் இருந்த நகைப் பட்டறைக்கு ஓடினான். பட்டறைக்காரர் காசைப் பார்ப்பதற்கு முன் அவனைப் பார்த்தார்.

"எங்க எடுத்தீங்க?"

"சார் கொடுத்தாருங்க."

"எந்த சாரு? ஸ்டேஷன் சாரா?"

வகுப்பைப் பற்றி விளக்கிய பிறகுதான் லென்ஸை எடுத்தார். "சூடு வெச்சதில்ல. ஆசிட்டும் இல்ல. ரொம்ப நாள் தண்ணியில கிடந்து பிடிச்ச உப்பு இது. இந்தப் பச்சையும் மினுமினுப்பும்தான் புதுசு. யாரோ விவரம் கெட்டவன் கை வெச்சிருக்கான்."

"யாருன்னு தெரியலைங்க" என்றான் பாலு.

மாலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. பக்கத்து ரயில் பாலத்தில் போன வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை ஆற்றில் எதையோ வீசியது. பாலுவுக்குக் காசின் கதை கிடைத்துவிட்டது. அன்றே உட்கார்ந்து எழுதினான்: வேண்டுதலாகக் காவிரியில் வீசப்பட்ட காசு, வெள்ளத்தில் உருண்டு, மணலில் கிடந்து, கோடையில் யார் கையிலோ அகப்பட்டது.

சனிக்கிழமை பீமராவ் சார் அதைப் படித்துவிட்டுக் காசை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் என் பெட்டியில இருந்திருக்கு. நான் கவனிக்கவே இல்லையே பாலு."

பாலுவால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்த மினுமினுப்பு... நான் புளி போட்டுத் தேய்ச்சேன்."

"சோதிச்சுப் பாத்திருக்கே. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்."

"மண்ணுலயும் புதைச்சேன் சார்."

"அதையும் எழுது. நாளைக்குக் காலையில காசு சேகரிக்கிறவங்க கூட்டம். அருங்காட்சியகத்துக்காரரும் வரார். நீதான் பேசறே."

வீட்டுக்கு வந்ததும் பாலு முதல் முறையாக எல்லோருக்கும் முன்னால் காசை வெளியே எடுத்தான்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். இது ஆத்துல கிடந்த காசு."

"என்னை எதுக்குச் சந்தேகப்பட்டே?" மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அடுப்படியில் இட்லிச் சட்டி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மாவுக் கரண்டியோடு வந்த அக்கா காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எந்த ஆத்துல? இந்த ஓரத்து வெட்டு இடுக்கி பட்டது. இது நான் இட்லிச் சட்டியில போடற பழைய கால் அணாடா."

"இட்லிச் சட்டிக்கு எதுக்குக்கா காசு?"

"அடியில போட்டா, தண்ணி கொதிச்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கும். சத்தம் நின்னா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். திங்கக்கிழமை சட்டியைத் தேய்ச்சுட்டு ஜன்னல்ல காய வெச்சேன். காலையில எடுத்துப் போட்டேனே."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். அடுப்படிப் பக்கம் திரும்பிக் காது கொடுத்தாள்.

"அப்போ அஞ்சு நாளா உள்ள வெந்துக்கிட்டிருக்கிறது யாரு காசு?"

"பிப்ரவரி 14, சனி. நாளை கூட்டம் தொடங்கும் முன் சாரைத் தனியாகப் பார்த்து இரண்டு காசுகளையும் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் காட்ட இட்லிச் சட்டியை எடுத்துப் போக அக்காவிடம் கேட்க வேண்டும்."