எருக்கஞ்செடிக்கு மெழுகுவத்தி

இயேசு மரி சூசை துணை

உப்பளத் தெரு,
மரக்காணம் வழி,
8-11-77

மதிப்புக்குரிய மாப்பிள்ளை இராயப்பன் அவர்களுக்கு, மைத்துனன் அருள்பிரகாசம் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் என் முழங்கால் வலியும் சேமமாக இருக்கிறோம். என் மனைவி சந்தனமேரியும் சேமம்தான். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாததால் அதை ஊகமாகத்தான் எழுதுகிறேன். அங்கே தங்கை ஞானமேரியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினம் ஜெபத்தில் சொல்லி வருகிறேன்.

நிற்க. நம் ஊர்ப் பார்க்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெண் பார்க்க வந்த அன்று மழைக்கு ஒதுங்கினீர்களே, அதே இடம். அந்தக் காலத்தில் உப்புக்கு அதிகாரியாக இருந்த ஒரு துரை, தன் சம்சாரம் உலாவுவதற்காக அங்கே ரோஜாத் தோட்டம் போட்டாராம். ஒரு கோடையில் ரோஜா கருகியது, அடுத்த கோடையில் துரைசாணி கப்பலேறினாள், சுற்றுச்சுவரும் கல் பெஞ்சும் மட்டும் மிஞ்சின. நான் சர்வீஸ் முழுக்க அந்த மைதானத்தில்தான் பையன்களுக்கு லெஃப்ட் ரைட் போட்டேன். ரிட்டையரான பிறகும் சாயங்காலம் அங்கே போய் நின்றால்தான் நான் டிரில் மாஸ்டர் என்கிற ஞாபகம் எனக்கே வருகிறது. வீட்டில் அந்த ஞாபகத்தை யாரும் வரவிடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தை லாரி ஸ்டாண்டாக்கித் தரச்சொல்லி உப்பள முதலாளி சவரிநாதன் பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டார். எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடாசலத்திடம் ஓடினேன். அவர், “மேலேர்ந்து ஆபீசர் வர்றாரு மாஸ்டர். செடி கொடி இருந்தா பார்க்கு. பொட்டலா இருந்தா லாரி. நான் யார் பக்கமும் இல்லீங்க” என்றார். சொன்னது சவரிநாதன் வீட்டில், குடித்தது அவர் வீட்டுக் காப்பி.

அன்றைக்கே நான் ‘மண்ணின் செடி வளர்ப்போர் சங்கம்’ ஆரம்பித்தேன். தலைவரும் நானே, செயலாளரும் நானே. எதிர்த்து யாரும் நிற்கவில்லை, கூட்டத்துக்கும் யாரும் வரவில்லை. இந்த உப்புக் காற்றில் ரோஜா வராது, குரோட்டன்ஸ் வராது. நம் ஊர்ச் செடிதான் தாக்குப்பிடிக்கும். இரும்பைக் கிராமத்துப் பக்கம் குடியேறிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் செம்மண் பொட்டலில் நம் ஊர் மரத்தை நட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிறார்கள், நமக்கு மட்டும் கை தேய்ந்துவிடுமா என்று, புன்னை, நொச்சி, ஆடாதோடை, எருக்கு, தூதுவளை எல்லாவற்றையும் தேடிப் பிடுங்கி வந்து, உயரவாரியாக, கைநீட்டு இடைவெளி விட்டு, அட்டென்ஷனில் நிறுத்தினேன்.

மாப்பிள்ளை, நம் ஊர்ச் செடியில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. அது எதற்கு ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். குரோட்டன்ஸ் வைத்திருந்தால் ஒரு பயல் தொட்டிருப்பானா? இருமல் வந்தவன் ஆடாதோடையை மொட்டையடித்தான், ரசத்துக்கு ஆசைப்பட்டவள் தூதுவளையைக் கொடியோடு சுருட்டிப் போனாள். “ஏம்மா, இது பொதுச் சொத்து இல்லையா?” என்று கேட்டால், “அதான் மாஸ்டர் பறிக்கிறேன்” என்கிறாள். செடியை மேய்ந்த பாப்பாத்தியின் வெள்ளாட்டைப் பிடித்துக் கட்டினேன். அவள் வந்து, “ஏன் மாஸ்டர், ஆடும் நம்ம ஊர் ஆடுதானே, அது மட்டும் இன்னா கப்பல்லயா வந்துச்சு?” என்று என் சங்கத்தின் கொள்கையாலேயே என்னை அடித்தாள். கடைசியில் நொச்சித் தழையை யார் ஒடிக்கிறார்கள் என்று சுற்றுச்சுவருக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தால், சந்தனமேரி! எனக்கு வந்த ஜலதோஷத்துக்கு வேது பிடிக்க ஒடித்தாளாம். கேட்டதற்குத்தான் இப்போது பேச்சு இல்லை.

பெயர்ப்பலகை வைத்தால் மரியாதை வரும் என்று தச்சர் இருசப்பனிடம் சொன்னேன். அவர் காலகாலமாக நம் கோயில் கல்லறைக்கு மரச்சிலுவை செய்கிறவர். குச்சியை நட்டு, குறுக்கே பலகை அடித்து, செடி பெயரும் நட்ட தேதியும் எழுதச் சொன்னேன். கை பழக்கத்துக்குத்தானே போகும்? குறுக்குப் பலகைக்கு மேலே குச்சி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெள்ளை பெயிண்ட், கறுப்பு எழுத்து. ‘ஆடாதோடை. தோற்றம் 14-7-77.’ என்னய்யா இது என்றேன். “கீழ மறைவுக்கு எடம் வுட்டுருக்கேன் மாஸ்டர். உங்க செடி போற போக்குல தேவைப்படும்” என்றார் இருசப்பன். ஆபீசர் வரும் நாள் நெருங்கிவிட்டது, மாற்றிச் செய்ய அவகாசமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நட்டேன்.

அதற்குள் கல்லறைத் திருநாள் வந்தது. ஐப்பசி மழையில் நம் கல்லறைத் தோட்டம் முழங்கால் தண்ணீரில் கிடக்கிறது. சாமியார் கரையில் நின்றபடியே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார். ஜனங்கள் பூவும் மெழுகுவத்தியுமாகத் திரும்பி வருகிறார்கள். இன்னாசியம்மாள் பார்க் வாசலில் நின்று, “மாஸ்டர், எங்க வூட்டுக்காரரு தண்ணிக்குள்ள கெடக்குறாரு. வத்திய எங்க நடுவேன்? குதிகாலுக்கு எருக்கெல ஒத்தடம் இல்லாம அவரு ஒரு நாள் தூங்கனதில்ல. இது அவரு செடி. இங்க ஏத்திக்கிறேனே” என்றாள். எப்படி மாட்டேன் என்பது? அவ்வளவுதான். இளைப்பில் போனவர்களின் வீட்டார் ஆடாதோடைக்கு, காய்ச்சலில் போனவர்களின் வீட்டார் நொச்சிக்கு என்று கூட்டம் உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு செடிக்கும் சாமந்தி மாலை, வத்தி, அழுகை. எனக்கும் அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. டிரில் மாஸ்டர் அழக்கூடாது என்பதால் மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

மறுநாள் காலையில் ஆபீசர் வந்தார். வரிசையாகச் சிலுவை, எழுத்தை மறைத்தபடி வாடாத மாலை, உருகிய மெழுகு. கேட்டண்டையே செருப்பைக் கழற்றிவிட்டார். “எவ்வளவு காலமா இருக்குதுங்க?” என்று தணிந்த குரலில் கேட்டார். “துரை காலத்திலேர்ந்துங்க” என்றேன். பார்க்கைச் சொன்னேன், பொய்யில்லை. ‘புராதனக் கல்லறை, தொடக்கூடாது’ என்று அங்கேயே எழுதினார். பின்னாலேயே ஓடி வந்த சவரிநாதன் வாயைத் திறப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அன்று முதல் ஒரு இலை போகவில்லை. பாப்பாத்தியே ஆட்டைச் சுற்று வழியில் ஓட்டுகிறாள். எருக்கு பூத்திருக்கிறது.

அந்த ரிப்போர்ட் திண்டிவனத்தில் உங்கள் ஆபீஸ் மேஜைக்குத்தான் வருமாம். யார் என்ன சொன்னாலும் ஒரு எழுத்து மாறக்கூடாது. அது கல்லறைதான், பரம்பரைக் கல்லறை. மைத்துனனுக்கு இந்த ஒரு உதவியைச் செய்யுங்கள். உங்களுக்கும் ஞானமேரிக்கும் அந்தோணியார் காவல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். காலையில் தேகப்பயிற்சி செய்யச் சொல்லவும்.

இப்படிக்கு,
அருள்பிரகாசம்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடும்போது சவரிநாதன் வந்தார். “ஆபீசரே கல்லறைன்னு எழுதிட்டாராமே மாஸ்டர். பழைய எடத்துல ஒரே தண்ணி. எங்க மாமியாருக்கு சளி ஒடம்பு, ஒத்துக்காது. புன்னைக்குப் பக்கமா குடும்பத்துக்கே சேத்துக் கல்லறை கட்டிடுறேன்” என்கிறார். கிழவி இன்னும் சாகவில்லை. நேற்றுகூடக் குழம்பில் உப்பில்லை என்று தட்டை வீசினாளாம். சாமியாருக்கும் சம்மதமாம். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு குடும்பம் இடம் பிடிக்க நிற்கிறது. ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அது கல்லறை இல்லை, ஒரு நாளும் கல்லறையாக இருந்ததில்லை. ரிப்போர்ட்டை உடனே திருத்தச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம், செங்கல் ஏற்றிக்கொண்டு சவரிநாதனின் லாரி பார்க்குக்குள் வந்து நிற்கிறது.